முன் வலது மூலை

இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டிக் கடற்பக்கம் திரும்பும் மணல் ஒழுங்கைக்குள் கலீலுர் றஹ்மான் தன் லொறியை விட்டபோது, பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்து சனம் பள்ளிவாசலிலிருந்து கலைந்துகொண்டிருந்தது. படுத்துவிட்ட வாகனங்களை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற லொறி அது. திருகோணமலையின் எந்த ஊரில் எவருடைய வாகனம் நடுவழியில் நின்றாலும் கிண்ணியாவிலிருந்து கலீலைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்தேழு வருடத் தொழில். உப்புநீர்க் களப்புக்குள் பாய்ந்த வான் வண்டியைத் தூக்கியிருக்கிறார், மதிலில் ஏறி நின்ற டிராக்டரை இறக்கியிருக்கிறார். "கலீல் போய் எழும்பாத வாகனம் இல்லை" என்று தேத்தண்ணிக் கடையில் தானே சொல்லிக்கொள்வார். வாய் கொஞ்சம் பெரிசுதான். ஆனால் அன்றுவரை அதில் பொய் இருக்கவில்லை.

சேர்ட் பைக்குள் கைபேசி அடித்தது. பெண்சாதி உம்மு குல்சும். "எங்க நிக்கிறீங்க?" என்று கேட்பாள். கைபேசி வந்த நாளிலிருந்து இந்த நேரத்துக்கு அதே கேள்விதான். வேலையில் கை வைக்கும்போது வீட்டுக்குப் பதில் சொன்னால் வேலை கெட்டுவிடும் என்பது கலீலின் கட்சி. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டார்.

கேற்றைத் திறந்தவள் ஷிஃபானா. நேற்றுக் கூப்பிட்டுப் பேசியவள் அவள்தான். இறந்து, மவுத்தாகிப்போன ஸப்வான் ஹாஜியாரின் தங்கை. தன் அண்ணனைக் காக்கா என்பாள், வெளியாரில் மூத்தவர்களை நானா என்பாள். கண்ணைச் சுற்றிக் கறுத்துக் கிடந்தது. பல நாள் உறக்கமில்லாத முகம்.

"வாங்க நானா. பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொல்ல முதல் கொண்டு போயிரலாமா?"

"காரைக் காட்டுங்க தங்கச்சி, பார்த்துச் சொல்றன். மஃரிபுக்கு என்ன அவசரம்?"

அவள் வீட்டின் முன் யன்னலை ஒருதரம் பார்த்துவிட்டு வேப்பமரத்தடியைக் கைகாட்டினாள்.

கறுப்பு நிறத்தில் நீளமான ஜெர்மன் கார் ஒன்று வயிறு மணலில் முட்டப் படுத்துக் கிடந்தது. வேப்பஞ் சருகு கூரையை மூடியிருந்தது. சக்கரங்கள் பாதிக்கு மேல் உடம்புக்குள் புதைந்திருந்தன. ஸ்பிரிங்குக்குப் பதிலாக நான்கு மூலைக்கும் நான்கு காற்றுப் பை வைத்த வகை அது. கலீலுக்குப் பழக்கமான சாதிதான். காற்று இருக்கும்வரை பல்லக்கு. காற்றுப் போனால் ஒரு அடி அசையாது. இந்தக் கார்களுக்கு ஒரு குணம் உண்டு. ஆள் ஏறி உட்கார்ந்தால் அந்த மூலை ஒரு விரல் பதியும். உடனே உள்ளே இருக்கிற சின்னக் கொம்பிரசர் முனகி, அந்தப் பைக்குள் காற்றை ஊதி, பதிந்த மூலையை மறுபடி மட்டத்துக்குக் கொண்டுவரும். ஆள் ஏறியதும் இறங்கியதும் அந்தக் காருக்குத் தெரியும்.

"எவ்வளவு நாளா ஓடயில்ல?"

"காக்கா மவுத்தான நாளிலிருந்து. நாலு மாசமும் பதினாலு நாளும்."

"சும்மா கிடந்தா காத்து இறங்கும் தங்கச்சி. அது சகசம்."

"ஓம். மற்ற மூணு பக்கமும் ஒரு மாசம் போகத்தான் இறங்கினது." ஷிஃபானாவின் குரல் தாழ்ந்தது. "முன்னுக்கு வலப்பக்கம் மட்டும் அண்டைக்கே இறங்கிட்டு."

முன் வலது. அதாவது, ஓட்டுகிறவர் உட்காரும் மூலை.

அவள் மற்றதையும் சொன்னாள். ஸப்வானின் பெண்சாதி ஜுமானா உள்ளேதான் இருக்கிறாள். பிள்ளைகள் இல்லை. புருசன் மவுத்தானதும் நாலு மாசமும் பத்து நாளும் இத்தா இருந்தாள். வீட்டுக்குள்ளேயே, வேறு ஆண்கள் முகம் பார்க்காமல், வாசற்படி தாண்டாமல். போன வெள்ளிக்கிழமைதான் முடிந்தது. இந்தக் கார் முற்றத்தில் நிற்கும்வரை மதினிக்கு உறக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. கிண்ணியாவுக்குக் கொண்டுபோய்ப் பட்டறையில் வைத்துத் திருத்தி யாருக்காவது விற்றுவிடுங்கள், எங்கள் கண்ணில் படாமல் போனால் போதும் என்றாள்.

யன்னல் சீலை அசைந்தது. காற்று இல்லை.

கலீலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த வாகனத்தைத் தூக்கும் முன்பும் கூரையில் இரண்டு தட்டுத் தட்டி, "உள்ளுக்கு ஆரும் இருந்தா இறங்குங்க, தூக்கப் போறன்" என்று சத்தமாகச் சொல்வார். பத்து வருடத்துக்கு முன் நிலாவெளியில், பின் ஆசனத்தில் குடிவெறியில் படுத்துக் கிடந்த ஒருவனையும் சேர்த்து வானைத் தூக்கி, பாதி வழியில் அவன் எழுந்து கத்த, கலீலின் உயிர் போய்த் திரும்பி வந்தது. அன்றைக்குப் பிடித்த பழக்கம். கண்ணாடிக்குள் ஆளில்லை என்று தெரிந்தாலும் சொல்லாமல் விடமாட்டார். ஆனால் இது ஒரு மையித்துடைய, இறந்துபோன மனிதருடைய கார். அந்த யன்னலுக்குப் பின்னால் ஹாஜியாருடைய பெண்சாதி நிற்கிறாள். அவள் காதுபட 'இறங்குங்க' என்று சொல்ல நாக்கு எழவில்லை. முதல் முறையாக அதை விட்டுவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி வேலையில் இறங்கினார்.

கதவைத் திறந்ததும் கராம்பு மணம் வந்தது.

நாலு மாதம் பூட்டிக் கிடந்த காரில் பூஞ்சண மணம்தான் வர வேண்டும். இது இப்போதுதான் யாரோ கராம்பைக் கடித்தது போல இருந்தது. "காக்கா சிகரெட்டை விட்ட பிறகு எந்த நேரமும் வாய்க்குள்ள கராம்புதான்" என்று பின்னால் நின்ற ஷிஃபானா முணுமுணுத்தாள். கலீல் தலையாட்டிவிட்டு, செத்துப்போன பற்றரியைக் கழற்றி வெளியே மணலில் வைத்தார். நான்கு மூலையிலும் மணலைத் தோண்டி, முதிரைப் பலகையை இறக்கி, அதன்மேல் ஜக்கை வைத்தார். ஜக்கால் கொஞ்சம் தூக்கி, கீழே பலகையைச் செருகி, அதன்பிறகுதான் கையை உள்ளே விட்டார். மரம் வைக்காமல் கை வைக்கிறதில்லை. இந்தத் தொழிலில் பத்து விரலோடும் இருக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். காரின் காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, லொறியிலிருந்து வந்த தன் குழாயைப் பூட்டி, பைக்குள் நேராகக் காற்றை விட்டார்.

பின் இடது மூலை எழும்பியது. பின் வலது எழும்பியது. முன் இடது எழும்பியது. சக்கரங்கள் உடம்புக்கு வெளியே வந்து தெரிந்தன. கலீலுக்குத் தெம்பு வந்தது. "ஒரு மணித்தியாலத்தில போயிருவன் தங்கச்சி, தேத்தண்ணி ஒண்டு ஊத்துங்க" என்றார்.

முன் வலது மூலையும் எழும்பத்தான் செய்தது. மற்ற மூலைகளின் மட்டத்துக்கு வந்ததும் காற்றைப் பூட்டி, ஜக்கை இறக்கினார்.

மூலை மெதுவாகக் கீழே போனது.

சீறல் இல்லை, வெடிப்பு இல்லை. கதிரையில் யாரோ நிதானமாகச் சாய்ந்து உட்காருவது போல, ஒரு விரல், இரண்டு விரல், நாலு விரல் என்று இறங்கி நின்றது. பை ஓட்டை என்று நினைத்துச் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தார். ஒரு குமிழ் வரவில்லை. மறுபடி ஊதினார். மறுபடி எழும்பியது. மறுபடி உட்கார்ந்தது. மூன்றாம் தரம் குழாயில் அளவுமானியைப் பூட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்.

ஓட்டை என்றால் முள் இறங்க வேண்டும்.

முள் ஏறியது.

கலீல் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். பையிலிருந்து காற்று எங்கும் போகவில்லை. காற்று அப்படியே இருக்க, மேலே பாரம் கூடினால்தான் முள் ஏறும். அவர் தொழிலில் இதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அந்த மூலையில் பாரம் ஏறியிருக்கிறது. ஒரு ஆள் பாரம்.

எழுந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். வெறும் ஆசனம். தோலில் தூசி. உட்காரும் இடம் மட்டும் துடைத்தது போல் பளபளத்தது.

பின்னேரத்து வெயில் வேப்பிலையில் மஞ்சளானது; களப்புக் கடலில் கலக்கும் இடத்திலிருந்து இரைச்சல் வந்தது. முட்டாள்தனமாக ஒரு பழக்கத்தை விட்டுவிட்டேனே என்று தோன்றியது அவருக்கு. இப்போதாவது சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று சின்னப் பிள்ளை மாதிரி நினைத்தார். கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"உள்ளுக்கு ஆரும் இருந்தா... இறங்குங்க."

பீப். பீப்.

இரண்டு குட்டி ஹோர்ன்.

பற்றரி அவருடைய காலடியில், மணலில் கிடந்தது.

ஷிஃபானாவின் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது. அப்போது யன்னல் சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், அழுது அழுது தேய்ந்துபோன குரல், சொன்னது.

"அவர் இறங்கமாட்டார் நானா. நான் வாறன் எண்டு இருக்கிறார்."

"மதினி, சும்மா இருங்க" என்றாள் ஷிஃபானா.

"இவர்ட்டயாவது சொல்ல விடு." சீலை விலகவில்லை. குரல் மட்டும் வந்தது. "ஹோர்ன் அடிச்சுத்தான் என்னைக் கூப்பிடுறவர், நானா. எப்பவும் ரெண்டு குட்டி ஹோர்ன். அவர் மவுத்தாகிறதுக்கு முந்தின கிழமை ஒரு கலியாண வீட்டில, அவ்வளவு சனத்துக்கு முன்னால அப்படிக் கூப்பிட்டார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. நான் என்ன மீன் லொறிக்குப் பின்னால ஓடுற ஆளா எண்டு சண்டை பிடிச்சனான். இனி ஹோர்ன் அடிச்சா வரவே மாட்டன் எண்டு சொன்னனான்."

சீலைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் தொடர்ந்தாள்.

"மவுத்தான அண்டைக்கும் அடிச்சார். ரெண்டு தரம். நான் உடுத்து முடிச்சு, பேக்கைக் கையில வச்சுக்கொண்டு கட்டிலில இருந்தனான். எழும்பிப் போக ஒரு நிமிசம். போகயில்ல. மூணாந்தரம் ஹோர்ன் வரும் எண்டு பார்த்தன், வரயில்ல. ஆள் பாடம் படிச்சிட்டார் எண்டு சந்தோசப்பட்டனான், நானா. சந்தோசப்பட்டு, தனிய இருந்து சிரிச்சனான்."

ஷிஃபானா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"அரை மணித்தியாலம் கழிச்சு வெளியில வந்தன். பெல்ட்டும் போட்டபடி, கண்ணும் திறந்தபடி, வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்குக் கோபம் இன்னும் போகயில்ல; என்ன பார்வை எண்டு கேட்டனான். மாரடைப்பில உசிர் எப்பவோ போயிருந்தது. உடம்பைத் தூக்கி இறக்கினப்போ கார் அந்தப் பக்கம் கொஞ்சம் எழும்பினது. பிறகு, ஆரும் தொடாமலே, திரும்பவும் பதிஞ்சது. அதை நான் மட்டும்தான் கண்டனான்."

"அண்டையிலிருந்து மஃரிபுக்கு முதல் ஹோர்ன் அடிக்கும். இத்தாவில இருக்கிற நான் எப்படிப் போற? அரை மணித்தியாலம் காக்க வச்சது போதாதெண்டு, நாலு மாசம் காக்க வச்சிட்டன்."

கலீலுக்கு ஹாஜியாரைக் கண்ட ஞாபகம் வந்தது. உப்புவெளிச் சந்தியில், இதே காரைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, மீன் பெட்டி ஏற்றுகிறவர்களோடு நின்று பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்த மனிதர். காரின் அந்த மூலையைப் பார்த்தார்.

"எனக்கும் கேட்கும் நானா" என்றாள் ஷிஃபானா அழுகையோடு. "கேட்கயில்ல எண்டு மதினிக்குப் பொய் சொன்னனான். வெள்ளிக்கிழமையிலிருந்து வீட்டு வாசல் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில வச்சிருக்கிறன். இவ போய் அதுக்குள்ள இருந்திட்டா நான் என்ன செய்ற?"

பின்கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த ஏதோ சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. இருவரும் திரும்பினார்கள். சமைக்கிற குசினியின் கதவால் வெளியே வந்து, வீட்டைச் சுற்றி, ஜுமானா நடந்து வந்துகொண்டிருந்தாள். கடல்நீல ஹபாயா, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி மினுக்கிய மடிப்பு, ஊசி குத்திய முக்காடு, கையில் கறுப்பு ஹேன்ட்பேக். கலியாணத்துக்கோ விருந்துக்கோ போகிற உடுப்பு. அன்றைக்கு உடுத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"மதினி! வேணாம்!"

"ஒரு சொல் சொல்லிட்டு வாறன். விடு."

"தங்கச்சி, பொறுங்க" என்றார் கலீல். அவள் அவரைப் பார்க்கவில்லை. ஷிஃபானா பிடித்த கையை உதறிவிட்டு, முன் இடது கதவைத் திறந்து ஏறினாள். ஒரு மாதிரி வெட்கத்தோடு, பிந்தி வந்தவள் ஏறுவது போல ஏறினாள்.

அவள் பக்கம் ஒரு விரல் பதிந்தது.

"வந்திட்டன்" என்றாள்.

காருக்குள் கொம்பிரசர் முனகத் தொடங்கியது.

கலீல் அந்தச் சத்தத்தை ஆயிரம் தரம் கேட்டிருக்கிறார். பற்றரி இல்லாமல், குழாய்கள் எல்லாம் கழன்று கிடக்கும் ஒரு காரில் கேட்டது அதுதான் முதல் தரம். முன் வலது மூலை எழும்பியது. அவர் மூன்று தரம் ஊதியும் நிற்காத மூலை, தானாக எழும்பி, மற்றதோடு சரி மட்டத்தில் வந்து நின்றது. பயணத்துக்கு ஆயத்தமான கார் நிற்கிற உயரம் அது.

ஷிஃபானா யாஸீன் ஓதத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி தொடக்கத்துக்கு வந்தாள்.

கண்ணாடிக்குள் ஜுமானா தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவள் பக்கக் கண்ணாடியில் மூச்சுப் பட்டுப் புகை மூடியது.

ஓட்டுகிறவர் பக்கக் கண்ணாடியிலும் மூடியது.

உள்ளேயிருந்து.

அவளுடைய உதடு அசைந்தது. யாரிடமோ மெல்லக் கதைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு அப்படியே இருக்க, உதட்டின் நிறம் மட்டும் வற்றிக்கொண்டு போனது. அவள் பக்கக் கண்ணாடியில் இருந்த புகை சுருங்கத் தொடங்கியது. அரைவாசி திறந்திருந்த கதவு தன்பாட்டில் மூடிக்கொண்டு வந்தது.

கலீல் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஓடியிருப்பார். மணலில் கிடந்த முதிரைப் பலகையை எடுத்துக் கதவிடுக்கில் குத்தினார். பலகை நசுங்கி முறிகிற சத்தம் கேட்டது. அந்த இடைவெளிக்குள் கையை விட்டு, அந்நியப் பெண் என்றும் பாராமல் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். ஐஸ் பெட்டிக்குள் கிடந்த மீனைப் போல் அந்தக் கை குளிர்ந்திருந்தது. அவரும் அவளும் மணலில் விழுந்தார்கள். காரின் முன்பக்கம் இரண்டு மூலையும் ஒரு விரல் உயர்ந்தன.

பிறகு வலது மூலை மட்டும், மெதுவாக, மிக மெதுவாக, நிலம்வரை இறங்கியது.

பள்ளியில் மஃரிப் பாங்கு சொன்னார்கள்.

ஜுமானாவுக்கு மூச்சு வந்தது. முகத்துக்கு நிறம் வந்தது. கண்ணைத் திறந்து, காரைப் பார்த்து, பிறகு கலீலைப் பார்த்தாள். அவள் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். அதெல்லாம் கலீலுக்குத் தாங்கும். அவள் கேட்டது தாங்கவில்லை.

"ஏன் நானா இறக்கினீங்க? இப்பதான் பெல்ட்டைப் போடச் சொன்னவர்."

முன் வலது மூலையின் அடியில் பலகைகளை அடுக்கிக் கட்டி, வின்ச்சால் இழுத்து, எப்படியோ காரை லொறியில் ஏற்றினார் கலீல். வாசலில் போட்ட கதிரையில் ஜுமானா உட்கார்ந்திருந்தாள். ஹேன்ட்பேக் மடியில் இருந்தது. லொறி கேற்றைத் தாண்டும்வரை அவள் கை அசைக்கவுமில்லை, அழவுமில்லை.

நிலாவெளி, உப்புவெளி, பட்டணம். துறைமுகத்தில் நின்ற கப்பல்களின் வெளிச்சம் தண்ணீரில் நடுங்கியது. கலீல் பின்பார்க்கும் கண்ணாடியைப் பார்க்காமலே ஓட்டினார். கிண்ணியாப் பாலத்தின் நடுவில் பின்னாலிருந்து கேட்டது.

பீப். பீப்.

"நான் செய்தது சரிதானே, ஹாஜியார்?" என்று சத்தம் போட்டுக் கேட்டார். "உசிரோட இருக்கிற ஆளை விட்டிட்டு வர ஏலுமா?" கராம்பு மணம் மட்டும் லொறியின் முன்பக்கத்துக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றது. கலீலுக்கு அழுகை வந்துவிட்டது. வாகனம் தூக்குகிற மனிசன், ஐம்பத்தாறு வயதில், பாலத்தில் லொறியை ஓட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

பட்டறையில் காரைத் தகரக் கொட்டிலுக்குள் விட்டார். திருத்தவில்லை, விற்கவும் ஆள் தேடவில்லை. பற்றரி அலுமாரிக்கு மேல் இருந்தது. ஒவ்வொரு நாளும் மஃரிபுக்கு முன் இரண்டு குட்டி ஹோர்ன் கேட்கும். முதல் நாள் தெருவுக்கு ஓடினார். இரண்டாம் நாள் வாசலில் நின்றார். மூன்றாம் நாளிலிருந்து, கதவருகே போய்த் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்.

"இண்டைக்கும் வரமாட்டா ஹாஜியார். நான்தான் இறக்கினனான். என்னோட கோவியுங்க, அவவோட கோவிக்காதீங்க."

உம்மு குல்சும் வழக்கம்போல் அந்த நேரத்துக்குக் கூப்பிடுவாள். இப்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்தார். "என்ன, சுகமில்லையா உங்களுக்கு?" என்று அவளே பயந்து கேட்டாள். "சுகம்தான். வாறன்" என்றார். சொன்னபடியே போகவும் செய்தார்.

ஒன்பதாம் நாள் ஹோர்ன் கேட்கவில்லை.

நேரம் பார்த்தார். மேற்கே சிவந்துவிட்டது. இன்னும் கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்குப் பயந்த மனிதர், அது வராததற்குப் பயந்தார். கொட்டிலுக்குள் போனார்.

முன் வலது மூலை வழக்கம்போல் தாழ்ந்து கிடந்தது. கராம்பு மணம் இருந்தது. அதோடு இன்னொரு மணமும் சேர்ந்து வந்தது. புதிதாக இஸ்திரி போட்டு மினுக்கிய உடுப்பின் மணம்.

முன் இடது மூலை, அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு விரல் பதிந்தது.

இரண்டு கண்ணாடியிலும் புகை மூடியது. கொம்பிரசர் முனகியது. முன்பக்கம் இரண்டு மூலையும் ஒன்றாக எழும்பி, சரி மட்டத்தில், பயணத்து உயரத்தில் நின்றன.

கைபேசி அடித்தது. உம்மு குல்சும் என்று நினைத்து எடுத்தார். ஷிஃபானா.

"நானா... மதினி..."

கலீல் அவளை அழ விட்டார்.

"இப்பதான் நானா. உடுத்து, பேக்கை மடியில வச்சுக்கொண்டு வாசல் கதிரையில இருந்தா. 'ஹோர்ன் அடிக்கிறார்' எண்டா. எனக்கு ஒண்டும் கேட்கயில்ல. தண்ணி எடுக்க உள்ள போயிட்டு வந்தன்... சிரிச்சபடி இருக்கிறா, நானா. சிரிச்சபடி."

"இன்னாலில்லாஹி" என்றார் கலீல். அந்த மணிக்கட்டின் குளிர் இன்னும் அவர் உள்ளங்கையில் இருந்தது. அவர் பிடித்து நிறுத்தியது ஒன்பது நாள்தான். அந்த ஒன்பது நாளையும் அவர்கள் இரண்டு பேரிடமிருந்தும் பறித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் கொட்டிலுக்குத் திரும்பிப் போகத் தைரியம் வந்தது. கார் இரவு நின்ற உயரத்திலேயே நின்றது. ஒரு மயிர் அளவும் இறங்கவில்லை. கழன்ற குழாய்கள் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. ஓட்டுகிறவர் பக்கக் கதவைத் திறந்தார்.

இரண்டு சீட் பெல்ட்டும் பூட்டியிருந்தன. ஆசனத்தில் படிந்து கிடக்காமல், இரண்டும் ஆள் பருமனுக்கு முன்னே புடைத்து, இறுக நின்றன.

கலீல் கூரையில் தட்டவில்லை. இறங்கச் சொல்லவுமில்லை. கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.